அல்சூர் மொட்டைமாடியில் ஒரு பறவைக் கேமரா

எங்கள் வீட்டில் காக்கைக்குச் சோறு வைக்காமல் அம்மா காபி டம்ளரைத் தொடமாட்டார். ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அல்சூர் ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில் மூன்றாம் மாடி வீடு, அதற்கு மேல் மொட்டைமாடி. கைப்பிடிச் சுவரில் ஒரு உருண்டை சோறு, கீழே அகலமான மண்சட்டியில் தண்ணீர். ஏரியை ஒட்டிய ராணுவ வளாகத்தில் மரங்கள் இருப்பதால் காக்கை, புறாவோடு வேறு பறவைகளும் இறங்கி வரும். நான் காலை ஏழு மணிக்கே பீன்யா தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறிவிடுவேன். சாயங்காலம் வந்தால் அம்மா சொல்வார்: "இன்னிக்குப் பச்சையா ஒண்ணு வந்துச்சுப்பா. கன்னத்துல வெள்ளை. குட்ரூ குட்ரூன்னு கத்திட்டுப் போச்சு." அது வெண்கன்னக் குக்குறுவான். எங்கள் மாடிக்கே வருகிற பறவையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பார்க்கும் ஆசையில்தான் போன ஆகஸ்டில் சட்டிக்கு எதிரே கேமரா வைத்தேன். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் படம் சேர்ந்துவிட்டது. வேலைக்குப் போய்வருகிற ஒருவரால் அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க முடியாது. வந்தது எந்தப் பறவை என்று கணினியே பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்குமே என்று தொடங்கியது, எட்டு மாத வேலையாக நீண்டது.

கருவிகளை எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். ராஸ்பெர்ரி பை 4 என்கிற கையடக்கக் கணினி (இனி 'பை'), அதனுடைய மூன்றாம் தலைமுறைக் கேமரா, மழைத் தண்ணீர் புகாத மின்சாரப் பெட்டி ஒன்று. பெட்டியின் முன்பக்கத்தை அறுத்துக் கண்ணாடி ஒட்டினேன். முதல் பத்து நாள் பை அடிக்கடி தானாக நின்று தானாகக் கிளம்பியது. மெமரி கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு கார்டு மாற்றினேன். கோளாறு கார்டில் இல்லை, மின்சாரத்தில் இருந்தது. இந்த பைக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். நான் மாட்டியிருந்தது பழைய போன் சார்ஜர், அதோடு மாடி வரைக்கும் மெல்லிய நீளக் கம்பி. கம்பியிலேயே மின்னழுத்தம் இறங்கிவிடும். சரியான அடாப்டரை மாடிப்படி அறைக்குள் பெட்டியை ஒட்டி வைத்து, நீளத்தை 230 வோல்ட் பக்கத்துக்குத் தள்ளிய பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அடுத்தது ஃபோகஸ். தானாகவே ஃபோகஸ் செய்யும் கேமரா என்பதால் அதன் போக்கில் விட்டேன். அது பின்னால் காய்கிற துணியைத்தான் தெளிவாகப் பிடித்தது, குருவி மங்கலாக வந்தது. லென்ஸிலிருந்து சட்டியின் விளிம்பு வரைக்கும் டேப் பிடித்து அளந்தேன்: 60 சென்டிமீட்டர். இந்தக் கேமராவில் ஃபோகஸை டயாப்டரில் கொடுக்க வேண்டும், அதாவது மீட்டரில் உள்ள தூரத்தின் தலைகீழ். 1-ஐ 0.6-ஆல் வகுத்தால் 1.67. அந்த எண்ணைப் போட்டுப் பூட்டிவிட்டேன். ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்ததும் தேன்சிட்டின் சிறகடிப்புகூட ஓரளவு உறைந்து நின்றது. இந்த இரண்டு மாற்றங்கள் கொடுத்த பலனைப் பின்னால் நான் மாற்றிய எந்த மாடலும், அதாவது படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழக்கிய எந்த நிரலும், கொடுக்கவில்லை. இதே வேலையைத் தொடங்குகிறவர்கள் மாடலைத் தேடும் முன் டேப்பை எடுங்கள்.

படம் எடுக்கும் நேரத்தைக் கேமராவே முடிவு செய்ய வேண்டும். அடுத்தடுத்த இரண்டு காட்சிகளில் எங்கெல்லாம் பிக்சல்கள் மாறுகின்றனவோ அங்கே அசைவு இருப்பதாகக் கொள்வது பழைய வழி. முதல் ஞாயிற்றுக்கிழமை அது எடுத்துக் குவித்ததில் பெரும்பகுதி அம்மாவின் புடவை, செம்பருத்தி இலையின் நிழல். அதனால் இடையில் இன்னொரு சல்லடை போட்டேன். 80 வகைப் பொருட்களைக் கண்டுபிடிக்கப் பழக்கிய பொதுவான மாடல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த 80-இல் 'பறவை' ஒன்று. எந்தப் பறவை என்று அதற்குத் தெரியாது, ஆனால் படத்தில் எந்த இடத்தில் பறவை இருக்கிறது என்று கட்டம் போட்டுக் காட்டிவிடும். அந்தக் கட்டத்தைச் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டியெடுத்து, வெட்டிய துண்டை மட்டும் இனம் சொல்லும் மாடலுக்கு அனுப்பினேன். இந்த வெட்டு முக்கியம். இனம் சொல்லும் சின்ன மாடல்கள் பெரும்பாலும் படத்தை 224-க்கு 224 பிக்சலாகச் சுருக்கித்தான் பார்க்கின்றன. முழுப் படத்தைக் கொடுத்தால் தேன்சிட்டு அதில் பத்துப் பதினைந்து பிக்சல் புள்ளியாகிவிடும்.

படத்தைக் காட்டினால் பறவையின் பெயர் சொல்கிற மெர்லின் செயலி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் மிக நல்ல செயலி, என் போனில் இப்போதும் இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு படமாகக் கையில் எடுத்துக் கேட்பவர்களுக்கானது. எனக்கு ஆளில்லாத மாடியில் நாள் முழுக்க ஓடுகிற ஒன்று தேவைப்பட்டது. இருந்தாலும் மெர்லினிடமிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். அது படத்தோடு இடத்தையும் தேதியையும் கேட்கும். அந்த இடத்தில் அந்தக் காலத்தில் எந்தப் பறவைகள் இருக்கும் என்பது, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிகிற இபேர்ட் தளத்திலிருந்து அதற்குத் தெரியும்.

இந்தப் பாடத்தின் தேவை முதல் வாரமே புரிந்தது. நான் முதலில் போட்டது கூகுள் வெளியிட்ட மொபைல்நெட் பறவை மாடல். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் மக்கள் ஏற்றிய படங்களில் பழக்கியது, 964 இனம் தெரியும். செம்பருத்திப் பூவில் தொங்கிய ஊதாப்பிட்டு தேன்சிட்டைக் காட்டினேன். ஹம்மிங்பேர்ட் என்றது. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. மாடலைக் குறை சொல்ல மாட்டேன். படங்கள் பெரும்பாலும் எந்த ஊரிலிருந்து வந்தனவோ அந்த ஊர்க் கண்ணோடுதான் அது பார்க்கும். பூ, சின்ன உடல், நீண்ட அலகு என்றால் அதன் உலகில் அது ஹம்மிங்பேர்ட்தான்.

மாடல் தனக்குத் தெரிந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பெண் தரும், எல்லாம் சேர்ந்தால் 1. பெங்களூரில் பதிவான பறவைகளின் பட்டியலை இபேர்டிலிருந்து எடுத்து, அதில் இல்லாத பெயர்களை எல்லாம் மாடலின் விடையிலிருந்து நீக்கினேன். மிச்சமிருந்த பெயர்களின் மதிப்பெண்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் ஒவ்வொன்றையும் வகுத்து, மொத்தம் மறுபடி 1 வரும்படி செய்தேன். விடைகள் உடனே அழகாகிவிட்டன. எல்லாம் நம் ஊர்ப் பறவைகள், எல்லாம் நல்ல மதிப்பெண். இந்த அழகு எனக்குப் பெரிய தவறைக் கற்றுக்கொடுத்தது.

நவம்பரில் ஒரு நாள் இரவு படங்களைப் புரட்டும்போது, சட்டி விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பறவை. கீழே 'சிட்டுக்குருவி, 91 சதவீதம்'. எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. அல்சூர் மார்க்கெட் பக்கம் நாங்கள் முன்பு குடியிருந்த ஓட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அப்பா அந்தப் பக்கம் மின்விசிறியே போடமாட்டார். இந்த மாடிக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அன்று இரவே படத்தை ஐநேச்சுரலிஸ்டில் சிட்டுக்குருவி என்று ஏற்றிவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது சிட்டுக்குருவி இல்லப்பா."

"கம்ப்யூட்டர் தொண்ணூத்தொண்ணுங்குதும்மா."

"சிட்டுக்குருவிப் பொட்டைக்கு முதுகுல கோடு கோடா இருக்கும். கண்ணுக்கு மேல வெளிறின பட்டை ஓடும். இதுல ஒண்ணையும் காணோமே. மூக்கைப் பாரு, கறுப்பா தடியா. இது தெனக்குருவிக் குஞ்சு. கம்பங்கொல்லையில கூட்டம் கூட்டமா வரும், தகரத்தைத் தட்டித் துரத்துவோம்."

இரண்டு நாள் கழித்து நான்கைந்து பறவைகள் சேர்ந்து வந்தன. வயிற்றில் மீன் செதில் போலப் புள்ளி வைத்த பெரியவை, நடுவே அந்தப் பழுப்புக் குஞ்சு. புள்ளிச் சில்லை. அம்மா சொன்னதுதான் சரி. ஐநேச்சுரலிஸ்டில் என் பதிவைத் திருத்தினேன்.

91 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மாடல் முதலில் சிட்டுக்குருவிக்குக் கொடுத்த மதிப்பு வெறும் 0.14. மற்றதெல்லாம் பெரும்பாலும் வட அமெரிக்கப் பழுப்புக் குருவிகளின் பெயரில் சிதறிக் கிடந்தது. அந்தப் பெயர்களை நான் நீக்கியபின் நம் ஊர்ப் பறவைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சியது 0.154. 0.14-ஐ 0.154-ஆல் வகுத்தால் 0.91. மாடலுக்கு எதுவுமே தெரியவில்லை என்பதுதான் அதன் உண்மையான பதில். நான் எழுதிய ஒரு வரி வகுத்தல் அந்தப் பதிலை அழித்து, மேலே உறுதி என்று எழுதிவிட்டது. ஹம்மிங்பேர்ட் என்று சொன்னபோது தவறு என்று யாருக்கும் தெரிந்தது. நம் ஊர்ப் பறவையின் பெயரில் வந்த தவறை நானே நம்பிவிட்டேன்.

எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவைப் போதுமான பேர் ஆமோதித்துவிட்டால் அது உலகப் பல்லுயிர்த் தரவுத் தளத்துக்கும் போகிறது, அடுத்த மாடலைப் பழக்கவும் பயன்படுகிறது. நான் ஏற்றிய பொய்ச் சிட்டுக்குருவி நாளைக்கு வேறு ஒருவருடைய கணினிக்குப் பாடமாகலாம். அன்றிலிருந்து இயந்திரம் சொன்ன பெயரை மட்டும் வைத்து எதையும் ஏற்றுவதில்லை.

பீன்யாவில் என் வேலை தர ஆய்வு. உருக்கி வார்த்த பாகங்களை அளந்து பிரிப்பது. மேசையில் மூன்று தட்டு இருக்கும்: சரி, கழிவு, ஹோல்டு. அளவு எல்லைக்கோட்டில் நிற்கிற பாகத்தை ஹோல்டில்தான் போடுவோம், மூத்தவர் ஒருவர் வந்து பார்ப்பார். ஹோல்டு தட்டு இல்லாத ஆய்வு மேசையை எங்கள் தொழிலில் யாரும் மேசையாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் மொட்டைமாடிக் கணினிக்கு அந்த மூன்றாவது தட்டை நான் வைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டிசம்பரில் வேலையைப் புதிதாகத் தொடங்கினேன். எங்கள் மாடிக்கென்றே ஒரு மாடலைப் பழக்குவது என்று முடிவு. அடித்தளமாக மொபைல்நெட்டின் இரண்டாம் பதிப்பு. பொதுவான படங்களில் அது ஏற்கெனவே கற்றதை அப்படியே உறைய வைத்து, கடைசி அடுக்கை மட்டும் நம் பறவைகளுக்காகப் பழக்கினால் போதும். கணக்கை, இணையம் வழியாகக் கணினியைப் பயன்படுத்தத் தரும் கூகுள் கோலாபில் ஓட்டினேன், ஒவ்வொரு முறையும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

படம் ஒவ்வொன்றுக்கும் பறவையின் பெயரைக் குறிக்கிற, அதாவது லேபிள் ஒட்டும் வேலைக்குத்தான் ஆறு வாரம் பிடித்தது. ஞாயிறு காலையில் நானும் அம்மாவும் டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்காருவோம். அம்மா பெயர் சொல்லச் சொல்ல நான் பொத்தானை அழுத்துவேன். அவர் கொண்டைக்குருவி என்பார், நான் செம்மீசைச் சின்னான் என்று போடுவேன். சந்தேகம் வந்தால் மெர்லினிடமும் கேட்டுக்கொள்வோம். 3,140 படங்கள், 15 வகை. அதில் ஒரு வகை அணில். சட்டிக்கு அடிக்கடி வருகிற அணிலையும் 'பறவை' சல்லடை உள்ளே விட்டுவிடும், அதனால் அதற்கும் ஒரு பெயர் கொடுத்துவிடுவதே நல்லது. மொத்தத்தில் 1,720 படம் மாடப்புறா. தையல்சிட்டுக்கு வெறும் 23. இப்படியே பழக்கினால், எதைக் கேட்டாலும் புறா என்று சொல்லும் மாடலே 55 சதவீதம் வாங்கிவிடும். புறாவை 250 படத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் சோதனையில் 97 சதவீதம் வந்தது. நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தால் அளவுகோலைச் சோதி என்பது எங்கள் தொழிற்சாலையில் பழக்கம். சோதித்தேன். ஒரு மைனா சட்டியில் ஒரு நிமிடம் குளித்தால் முப்பது படம் விழும், எல்லாம் ஏறக்குறைய ஒரே படம். கலைத்துப் போட்டுப் பிரித்ததில் அவற்றில் இருபத்தைந்து பழக்கும் பக்கமும் ஐந்து சோதிக்கும் பக்கமும் போயிருந்தன. பார்த்த விடையையே பரீட்சையில் எழுதியிருக்கிறது. படங்களை நாள்வாரியாகப் பிரித்து, பழக்கிய நாட்களைச் சோதனையில் தொடாமல் வைத்ததும் 74-க்கு இறங்கியது. 74-தான் உண்மை.

தவறின படங்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த புறாவையெல்லாம் அது காகம் என்றது. அம்மா சோறு வைப்பது அந்தச் சுவரில், காகம் வருவது அங்கே, பழக்கிய படங்களில் காகம் என்றாலே பின்னால் பாசி படிந்த சிமெண்டு. மாடல் பறவைக்குப் பதிலாகச் சுவரைக் கற்றுவிட்டது. சட்டியையும் சோற்றையும் வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பழகின இடத்தைத் திடீர்னு மாத்தினா அதுங்க தவிச்சுப் போயிடும்" என்றார். அதனால் தினமும் ஒரு முழம் மட்டும் நகர்த்தினோம். ஒரு மாதத்தில் மாடியின் எல்லா மூலையும் படத்தில் வந்துவிட்டது. மறுபடி பழக்கினேன், 83.

அதற்கு மேல் ஏறவில்லை, ஏன் என்பதும் புரிந்துவிட்டது. ஆண் குயிலும் அண்டங்காக்கையும் பின்னாலிருந்து பார்த்தால் கறுப்பு, அவ்வளவுதான். நாம் சிவந்த கண்ணையும் வெளிர்பச்சை அலகையும் பார்த்துச் சொல்கிறோம். 224 பிக்சலில் அந்தக் கண் மூன்று பிக்சல். தேன்சிட்டுகள் இன்னும் கடினம். ஆணின் மினுக்கும் ஊதா பெரும்பாலும் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் வருகிறது. வெயில் ஒரு பக்கம் சாய்ந்தால் ஊதா, திரும்பினால் வெறும் கறுப்பு. லோட்டன் தேன்சிட்டை ஊதா தேன்சிட்டிலிருந்து பிரிப்பது அதன் நீண்டு நன்றாக வளைந்த அலகு. பறவை கேமராவுக்கு நேராக முகம் திருப்பியிருந்தால் அந்த வளைவு படத்திலேயே இருக்காது. படத்தில் இல்லாததை எந்த மாடலாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வைக்க முயல்வதுதான் தவறு.

ஆகவே ஹோல்டு தட்டு. இரண்டு நிபந்தனை வைத்தேன். முதல் பெயருக்கும் இரண்டாம் பெயருக்கும் மதிப்பெண் வித்தியாசம் குறைவாக இருந்தால் தட்டுக்கு. இரண்டாவது, மொபைல்நெட் ஒவ்வொரு படத்தையும் கடைசியில் 1,280 எண்களாகச் சுருக்குகிறது. அந்த எண்களை, பழக்கிய படங்களின் எண்களோடு ஒப்பிட்டு, எந்த இனத்துக்கும் அருகில் இல்லையென்றால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தட்டுக்கு. புள்ளிச் சில்லைக் குஞ்சு போல, பட்டியலிலேயே இல்லாத விருந்தாளியைப் பிடிப்பது இந்த இரண்டாம் நிபந்தனைதான். இப்போது நூறு படத்தில் 21 தட்டில் விழுகின்றன. மிச்சம் 79-இல் 75 சரி. வெறும் எண்ணிக்கையில் பார்த்தால் சரியான விடை 83-இலிருந்து குறைந்திருக்கிறது. ஆனால் தவறு 17-இலிருந்து 4-க்கு வந்திருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

தமிழில் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி என்கிற நிரல் நூலகத்தில் படத்தின் மேல் பெயர் எழுத உள்ள வசதிக்குத் தமிழ் தெரியாது, கேள்விக்குறிகளாக வரும். பில்லோ என்கிற இன்னொரு நூலகத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்து வரும், ஆனால் 'கொண்டை' என்பதில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி உடைந்து நிற்கும். ராக்ம் என்கிற எழுத்தமைப்பு நூலகத்தையும் சேர்த்து நிறுவினால்தான் சரியாக வரும். இதற்கே எனக்கு மூன்று இரவு போனது. அம்மா ஆங்கிலப் பெயர் படிக்கமாட்டார். அவர் லேபிள் ஒட்டிய மாடலின் விடையை அவரே படிக்க முடிய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு தினமும் இரவு எட்டு மணிக்குத் தட்டைத் திறந்து பார்ப்போம். சீரியல் நேரத்தைக்கூட அம்மா தள்ளிவைத்தார். சாம்பல் கதிர்க்குருவி, முதுகு காட்டிய குயில், வாலில்லாத ஒரு சின்னான். பெயர் தெரிந்தவற்றை அம்மா சொல்வார், தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிடுவார். ஒரு நாள், தலை மட்டும் தெரிகிற பச்சைப் பறவை தட்டில் கிடந்தது. கன்னத்தில் வெள்ளை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார். நான் பார்த்த முதல் வெண்கன்னக் குக்குறுவான் அது.

மார்ச் இரண்டாம் வாரம் செம்மீசைச் சின்னான் ஜோடி ஒன்று வழக்கத்துக்கு மாறாக நாளுக்கு நாற்பது, ஐம்பது முறை பதிவானது. படங்களில் அலகு நிறைய நார், காய்ந்த புல். கேமராவுக்கு ஒரு அடி பின்னால் இருந்த செம்பருத்தித் தொட்டிக்குள் கிண்ணம் போலக் கூடு, உள்ளே சிவப்புப் புள்ளி தெளித்த இரண்டு முட்டை. லென்ஸை அந்தப் பக்கம் திருப்பினால் அருமையான படங்கள் கிடைக்கும், மனதுக்குள் ஆசை இருந்தது. ஆனால் பெட்டியைத் தொடப் போகிற ஒவ்வொரு முறையும் தாய்ப்பறவை எழுந்து பறந்தது. அது பறந்த நேரத்தில் சுவரில் காகம் உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று இருட்டியதும், பறவை அடைந்த பிறகு, சத்தமில்லாமல் அடாப்டரைப் பிடுங்கினேன். பெட்டியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டேன், அதைக் கழற்றினால் இன்னொரு அசைவு. கொடியில் துணி காயப்போடுவதை அம்மா நிறுத்திவிட்டார். காக்கைச் சோறு இப்போது மாடியில் இல்லை, கீழே வாசல் மதிலில்.